வெளிச்சத்தைத் தின்னும் வயர்

பழைய கார் இருக்கிற வீடுகளில் ராத்திரிப் பயணம் என்றால் ஒரு வசனம் கட்டாயம் வரும். "வண்டி நல்லாத்தான் இருக்கு, லைட்டு மட்டும் கொஞ்சம் மங்கல்." இன்ஜினில் சின்னச் சத்தம் கேட்டால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் ஓடுகிறோம். ஹெட்லைட் மங்கினால் மட்டும் வயதான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுகிறோம். தாத்தாவுக்குக் காது கேட்காததை வீடே ஒத்துக்கொண்டு சத்தமாகப் பேசப் பழகிவிடுகிற மாதிரி.

போன செமஸ்டர் லீவில் இந்த மங்கல் சமாச்சாரத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். நான் படிப்பது எலக்ட்ரிகல். (அரியர் எத்தனை என்று யாரும் கேட்கக் கூடாது.) ஓம் விதியை பிளஸ் டூவில் இருந்து எத்தனையோ பரீட்சையில் எழுதியாகிவிட்டது. அது ஒரு மனுஷன் ராத்திரி வெளியே போவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது 1997 மாடல் மாருதி 800. 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளியே வந்து, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன அதே 800தான். நான் பிறந்த வருஷம் அப்பா அதை செகண்ட் ஹேண்டில் வாங்கினார். அதனால் வீட்டில் எனக்கும் அதற்கும் ஒரே வயது என்று கணக்கு. மரியாதை மட்டும் அதற்குக் கொஞ்சம் கூடுதல்.

அப்பாவுக்கு இப்போது 61. இரண்டு வருஷமாக ராத்திரி வண்டி எடுப்பதில்லை. கேட்டால், "கண்ணு போச்சுடா, வயசாகுதுல்ல" என்பார். நாங்கள் இருப்பது காரைக்குடி. அப்பத்தா இருப்பது தேவகோட்டை தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில். ஞாயிற்றுக்கிழமை போனால் சாயங்காலம் 4 மணிக்கே அப்பா வாட்சைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். "ராச்சோறு தின்னுட்டுப் போனா என்னப்பா?" என்று அப்பத்தா ஒவ்வொரு தடவையும் கேட்கும். ஒவ்வொரு தடவையும் அப்பா ஏதோ ஒரு வேலையைச் சொல்லிக் கிளம்புவார். அப்பத்தாவுக்கு 84. நடு ராத்திரி அதற்கு ஏதாவது ஒன்று என்றால் யார் போவது என்ற கேள்வியை வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். கண் போனதா, லைட் போனதா? இரண்டும் சேர்ந்தே போயிருக்கலாம். ஆனால் எது எவ்வளவு என்று தெரியாமல் பழியை எல்லாம் கண் மேல் போடுவது நியாயம் இல்லையே. கண்ணை அளக்க டாக்டர் இருக்கிறார். லைட்டை அளக்க என்னிடம் ஒரு மல்டிமீட்டர் இருந்தது.

அளப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தால் பேட்டரியில் என்ன வோல்ட்டோ அதையே காட்டும். "பாத்தீங்களா தம்பி, கரண்ட் ஃபுல்லா வருது" என்று கடையில் சொல்லி அனுப்புவது இதை வைத்துத்தான். பல்பு இல்லாவிட்டால் கரண்ட் ஓடுவதில்லை. கரண்ட் ஓடாவிட்டால் வயரில் வோல்ட்டேஜ் இழப்பும் இல்லை. தண்ணீர்க் குழாயின் முனையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு பிரஷர் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்வது போல. திறந்துவிட்டால்தானே உள்ளே அடைப்பு இருப்பது தெரியும்!

அதனால் பல்பு மாட்டி, இன்ஜின் ஓடி, லைட் எரியும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், இன்னொரு முனை பல்பின் பின்பக்கம் பாசிட்டிவ் வருகிற தகட்டில். வழியில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று மீட்டர் நேரடியாகச் சொல்லிவிடும். அதே மாதிரி பேட்டரி நெகட்டிவுக்கும் பல்பின் எர்த்துக்கும் நடுவில் ஒரு தடவை.

எங்கள் வண்டியில் டிம் போட்டு அளந்தது இது. பேட்டரியில் 13.9 வோல்ட். வலது பக்கம் பாசிட்டிவ் வழியில் 1.6, எர்த் வழியில் 0.7 வோல்ட் காணோம். ஆக மொத்தம் பல்புக்குக் கிடைத்தது 11.6. இடது பக்கம் இன்னும் மோசம், 11.3.

இரண்டே கால் வோல்ட்தானே, என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். இங்கேதான் ஹாலஜன் பல்பு நம்மை ஏமாற்றுகிறது. வோல்ட்டேஜ் குறைகிற அளவுக்கே வெளிச்சமும் குறையும் என்றால் பரவாயில்லை. ஆனால் டங்ஸ்டன் இழையின் சூடு கொஞ்சம் இறங்கினாலும் வெளிச்சம் கன்னாபின்னாவென்று இறங்கும். தோராயமாக வோல்ட்டேஜின் 3.4 மடிப் படி என்று கணக்கு. 800இல் இருக்கும் எச்4 வகை 60/55 வாட் பல்புக்கு 13.2 வோல்ட்டில் டிம்மில் 1000 லூமன், பிரைட்டில் 1650 லூமன் என்று சர்வதேசத் தர விதி சொல்கிறது. 11.6 வோல்ட் கொடுத்தால் அதில் 64 சதவீதம்தான் வரும். 11.3இல் 59 சதவீதம். அதாவது கம்பெனி கொடுத்த வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரோட்டுக்கு வரவே இல்லை. நிறமும் வெள்ளையில் இருந்து பழுப்பு மஞ்சளுக்குப் போய்விடும். மெழுகுவர்த்தி மாதிரி எரிகிறது என்று சொல்கிறோமே, அது.

தொலைந்தது எங்கே போனது? பேட்டரி பானட்டுக்குள் ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் கரண்ட் நேராகப் போவதில்லை. டேஷ்போர்டு வரை உள்ளே போய், ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் லைட் ஸ்விட்சில் நுழைந்து, திரும்ப முன்னால் வந்து பல்பைத் தொடும். அடுத்த வீட்டுக்குப் போக ஊரைச் சுற்றுகிற கதை. 1 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர் ஒரு மீட்டருக்கு சுமார் 0.017 ஓம். 5 மீட்டர் சுற்று என்று வைத்துக்கொண்டால் 0.085. இரண்டு டிம் பல்புக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட 10 ஆம்பியர். பெருக்கினால் 0.85 வோல்ட். புத்தம் புது வயரிலேயே இவ்வளவு போகும் என்றால், பச்சைப் பாசி பிடித்த கனெக்டர், கறுத்துப்போன ஸ்விட்ச் பாயிண்ட், பாடியில் துருவின் மேல் முடுக்கிய எர்த் போல்ட் எல்லாம் சேர்ந்தால் எங்கே போய் நிற்கும்? எங்கள் வண்டியில் இந்த வழியெல்லாம் சேர்ந்து 20 வாட்டுக்கு மேல் வெறும் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு சின்ன சால்டரிங் அயர்னை எப்போதும் எரியவிட்ட மாதிரி.

இந்தக் கணக்கோடு எங்கள் ஏரியா ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். நல்ல மனுஷர், கை சுத்தம். பேப்பரைப் பார்க்காமலேயே, "இதுக்கு ஏன் தம்பி இவ்வளவு? நூறு தொண்ணூறு பல்பு போட்டா பகல் மாதிரி இருக்கும்" என்றார்.

இதுதான் எல்லாரும் விழுகிற பள்ளம். 100/90 வாட் பல்பு போட்டால் டிம்மில் கரண்ட் 1.6 மடங்காகும். வயர் அதே வயர். வோல்ட்டேஜ் இழப்பும் அதே 1.6 மடங்காகும். சூடு கரண்டின் இருமடியில் ஏறும் என்பதால் கிட்டத்தட்ட 2.7 மடங்கு. கூடுதலாகக் கொடுத்த சக்தியில் நல்ல பங்கை வயரே சாப்பிட்டுவிட்டு, கடைசியில் ஸ்டியரிங் ஸ்விட்சையும் பிளாஸ்டிக் ஹோல்டரையும் உருக்கும். பசிக்கிறவனுக்குச் சோறு போகிற வழியில் திருடன் உட்கார்ந்திருக்கிறான். நாம் திருடனை விட்டுவிட்டு அண்டாவைப் பெரிதாக்குகிறோம்.

சரியான வழி ரிலே. பழைய காலத்தில் தூரப் பயணத்தில் களைத்த குதிரையை அவிழ்த்துவிட்டுப் புதுக் குதிரை பூட்டுவதற்குப் பிரெஞ்சில் இருந்து வந்த பெயர் அது. தந்தி காலத்தில் பலவீனமான சிக்னலை வைத்துப் புது பேட்டரியின் கரண்டைத் திறந்துவிடும் கருவிக்கு அதே பெயர் ஒட்டிக்கொண்டது. காரிலும் அதே வேலைதான். பழைய வயரும் பழைய ஸ்விட்சும் இனி சுமை தூக்க வேண்டாம், கண்ணைக் காட்டினால் போதும். ரிலேயின் காயிலுக்கு 0.2 ஆம்பியருக்குள் போதும். அது தட்டியதும் பேட்டரியில் இருந்து தடித்த வயர் வழியாகக் கரண்ட் நேராகப் பல்புக்குப் போகும்.

செய்ய நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். மற்றவர்கள் அடுத்த இரண்டு பாராவைத் தாண்டிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று, ஆக இரண்டு ரிலே. ரிலேயின் அடியில் 30, 87, 85, 86 என்று எண் இருக்கும். 30க்கு பேட்டரியில் இருந்து ஃப்யூஸ் வழியாக வரும் வயர். 87இல் இருந்து பல்புக்கு. 85, 86 இரண்டும் காயில், ஒன்றில் பழைய ஹெட்லைட் வயர், இன்னொன்று எர்த். வயர் 2.5 ஸ்கொயர் எம்.எம்., ஒவ்வொரு ரிலேக்கும் தனியாக 20 ஆம்பியர் ஃப்யூஸ். தனித்தனி ஃப்யூஸ் ஏன் என்றால், ஒன்று போனாலும் இன்னொன்றில் வீடு வந்து சேரலாம். ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒட்டினாற்போல் ஒரு ஜாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ரிலே பக்கத்தில் வைத்தால், நடுவில் வயர் தேய்ந்து பாடியில் பட்டால் தீப்பிடிப்பதைத் தடுக்க யாரும் இல்லை. ஹோல்டர் செராமிக்கில் வாங்குங்கள்.

எர்த்தை மறக்காதீர்கள். பாசிட்டிவை மட்டும் புதுசாக்கிவிட்டு எர்த்தைத் துரு போல்ட்டிலேயே விட்டால் பாதி வேலைதான். பெயிண்டைச் சுரண்டிப் பளிச்சென்ற இரும்பில் முடுக்குங்கள், அல்லது பேட்டரி நெகட்டிவுக்கே வயர் இழுத்துவிடுங்கள். இன்னொன்று, சில ஜப்பானிய வண்டிகளில் ஸ்விட்ச் பாசிட்டிவைத் திறந்து மூடுவதில்லை, எர்த்தைத்தான் திறந்து மூடும். உங்கள் வண்டி எந்த ரகம் என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே ஒயரிங்கில் கை வையுங்கள். இல்லாவிட்டால் காயிலின் இரண்டு பக்கமும் எர்த்தாகி, ரிலே தேமே என்று உட்கார்ந்திருக்கும். வேலை தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுவது உத்தமம்.

ரிலே, ஹோல்டர் எல்லாம் சென்னை ஜி.பி. ரோட்டில் வாங்கி வந்தேன். லக் கிரிம்ப் பண்ணியது, பழைய வயரை வெட்டாமல் அப்படியே சொருகியது எல்லாம் எலக்ட்ரீஷியன் அண்ணன்தான். மீட்டரில் 1.6 என்று வந்ததைக் காட்டியபோது இரண்டு நிமிஷம் பேசாமல் பார்த்தார். பிறகு, "ஊர்ல ஓடுற பழைய வண்டி எல்லாத்துலயும் இது இருக்கும்ல தம்பி?" என்று கேட்டார். இருக்கும் அண்ணே. பழைய வண்டியில் ரிலே இல்லாமல் ஓடினால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும்.

வேலை முடிந்து அளந்தபோது இரண்டு பல்பிலும் 13.5 வோல்ட். பல்பு மாற்றவில்லை, வாட் ஏறவில்லை. வலது பக்கம் வெளிச்சம் மூன்றில் இரண்டு பங்கு கூடியிருந்தது, இடது பக்கம் அதற்கும் மேல்.

இதில் ஒரு வேடிக்கை. "எட்டு வருஷமா பல்பு மாத்தலை, கம்பெனி சாமான்னா கம்பெனி சாமான்தான்" என்று அப்பா பெருமையாகச் சொல்லுவார். உண்மையில் அது நோயின் அறிகுறி. வோல்ட்டேஜ் குறைந்தால் வெளிச்சம் போகும், ஆனால் ஆயுள் பல மடங்கு கூடும். முழுசாக எரியாத பல்பு சாவதும் இல்லை. இப்போது முழுசாக எரிகிறது, அதனால் சீக்கிரம் ஃப்யூஸ் போகும். டேஷ்போர்டில் ஒரு பல்பு ஸ்பேர் வைத்திருக்கிறோம்.

இவ்வளவு நேரம் நம்ம லைட்டைப் பற்றியே பேசினேன். எதிரில் வருகிறவனைப் பற்றிப் பேசாவிட்டால் இந்தப் பதிவு பாதிதான்.

60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, 20 வயதுக் கண்ணுக்குப் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும் என்று சொல்வார்கள். பாப்பா இருட்டில் முன்பு போல் விரியாது, லென்ஸும் மஞ்சளாகிவிடும். அந்தக் கண்ணுக்கு ஏற்கனவே மூன்றில் ஒரு பங்கு குறைந்த லைட்டைக் கொடுத்தால்? என் கண்ணுக்குக் கொஞ்சம் மங்கல் என்று தெரிந்தது அப்பாவுக்கு இருட்டாகவே இருந்திருக்கும். அதே கண்ணுக்கு எதிர் லைட்டின் கூச்சமும் அதிகம். லென்ஸில் கொஞ்சம் புரை இருந்தால் வெளிச்சம் உள்ளே சிதறி எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிடும். கூச்சம் அடங்கி மறுபடி ரோடு தெரியவும் நேரம் கூடுதலாகும்.

60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் போகிறது. ஆடு ஒன்று குறுக்கே வருவதைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி, பிறகு வண்டி நிற்க வேண்டும். நல்ல ரோட்டில், நல்ல டயரில் மொத்தம் 50 மீட்டர் ஆகிவிடும். நம் பக்கத்து ரோட்டில் பின்னால் சிவப்பு விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர், கறுப்புக் கைலி கட்டிய சைக்கிள்காரர், ரோட்டிலேயே காயப்போட்ட நெல், அதைச் சுற்றி வைத்த கல், எல்லாம் உண்டு. எதிர் லைட் கண்ணைப் பறித்த இரண்டு நொடியில் 33 மீட்டர் குருட்டாம்போக்கில் போயிருப்போம்.

அதனால்தான் பழைய எச்4 லைட்டுக்குள் சீன எல்.இ.டி. பல்பைச் சொருகுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். டிம் இழைக்குக் கீழே சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு தகடு இருக்கும். அந்த இழையின் வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் பட்டு, கீழ்நோக்கி ரோட்டில் விழ வேண்டும் என்பதற்காகத்தான் அது. இழை இருக்கும் இடம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கணக்குத் தப்பிவிடும். அந்த ரிஃப்ளெக்டருக்கென்று செய்யாத எல்.இ.டி.யைச் சொருகினால் நம்ம பானட்டுக்கு முன்னால் பால் ஊற்றின மாதிரி வெள்ளையாக இருக்கும், தூரம் தெரியாது, எதிரில் வருகிறவனுக்குக் கண்ணில் குத்தும். அவர்தான் இன்னொரு வீட்டின் 61 வயது அப்பா. ஹெட்லைட் நடுவில் போலீஸ்காரர்கள் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவதைக் கிண்டல் பண்ணியிருக்கிறோம். அது ஒட்டுகிற நிலைமைக்கு ஊரைக் கொண்டுவந்தது யார்?

வெளிச்சம் கூடிய பிறகு எய்மிங் பார்க்காமல் விடக்கூடாது. சமதளத்தில் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, காற்று சரியாக வைத்து, டிம் போடுங்கள். லைட்டின் நடு உயரத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே வெளிச்சத்தின் மேல் விளிம்பு இருக்க வேண்டும். இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேலேறியிருக்கும். அது கோளாறு இல்லை. நாம் இடது பக்கம் ஓட்டுகிற நாடு, ஓரத்தில் நடப்பவர் தெரிவதற்காக வைத்தது. எங்கள் வண்டியில் வலது லைட் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்குரூ டிரைவரால் இறக்கினோம். காசு செலவு பூஜ்யம்.

ரிஃப்ளெக்டரில் வெள்ளி உரிந்திருந்தால் ரிலே போட்டும் பிரயோஜனம் இல்லை, லைட்டையே மாற்ற வேண்டும். கண்ணாடியின் உள்பக்கம் சேறு என்றாலும் அப்படித்தான்.

அப்பாவை மதுரைக்குக் கண் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிக்கொண்டு போனோம். வயர் நன்றாகிவிட்டது, கண் நன்றாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடவில்லை. புரை ஆரம்ப நிலை, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், கண்ணாடி பவர் மாற்றினால் போதும், எதிர் லைட் கூசும், பார்த்து ஓட்டுங்கள் என்றார் டாக்டர். ஆக, கண்ணும் கொஞ்சம் போயிருக்கிறது. "போச்சு" என்று அப்பா முடிவு கட்டிய அளவுக்கு இல்லை. இரண்டு வருஷமாகத் தன்னை ஒரு கிழவராக அவர் ஒத்துக்கொண்டதில் பாதிப் பங்கு ஒரு துருப்பிடித்த போல்ட்டுக்கும் ஸ்டியரிங் ஸ்விட்சுக்கும் உண்டு என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது.

அடுத்த ஞாயிறு அப்பத்தா வீட்டில் 4 மணி ஆனது, 6 ஆனது. அப்பா வாட்சைப் பார்க்கவில்லை. ராச்சோறு, கருவாட்டுக் குழம்பு. எட்டு மணிக்கு மேல் கிளம்பினோம். ஓட்டியது அப்பா. பாராட்டெல்லாம் எதுவும் வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. எதிரில் வந்த பைக்குக்குக்கூட டிம் பண்ணிக்கொண்டே வந்தார். 50க்கு மேல் போகவில்லை. பை பாஸ் ரோட்டில் ராத்திரி ஓட்ட மாட்டேன் என்பது இப்போதும் அவர் விதி. அது அவருடைய உரிமை, மீட்டர் வைத்து அளக்க முடியாதது.

உங்கள் வீட்டிலும் பழைய வண்டி நின்றுகொண்டிருந்தால், பெரிய வாட் பல்பு வாங்கப் போகும் முன் ஒரு மீட்டர் வாங்குங்கள். லைட்டைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, பல்பில் எவ்வளவு என்று பாருங்கள். 13 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் வண்டியை விட்டுவிட்டுக் கண் டாக்டரைப் பாருங்கள். 12க்குக் கீழே இருந்தால் வண்டியையும் பாருங்கள், கண்ணையும் பாருங்கள். அப்புறம் எதிரில் யார் வந்தாலும், அவர் டிம் பண்ணாவிட்டாலும், நீங்கள் டிம் பண்ணுங்கள்.